வாய் திறந்து ஓர் ஆமாம்

வாசெமாதாவுக்கு மூன்று வயதில் அம்மை கண்டு பார்வை போனது. எங்கள் தீவுகளின் தலைநகரான சுவாவில் அவளுக்காக ஜெபித்தவர்கள் ஏராளம். அவளிடம் நேராகப் பேசியவர்கள் கொஞ்சம். ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸ் அவள் அக்காவிடம்தான் கேட்பாள்: "இவளுக்கு எங்க வலிக்குதாம்?"

அந்தக் கோபத்தில் படித்து ஆளானவள், எங்கள் பல்கலைக்கழகத்தில் நர்சிங் மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்துகிறாள். பார்க்க முடியாதவர், கேட்க முடியாதவர், பேச்சு திக்குபவர், எவரோடும் ஒழுங்காகப் பேசுவது எப்படி என்பதே பாடம். இந்த ஆண்டு துறைத் தலைவர் நெமானி அதை நிறுத்தப் பார்த்தார்.

"நல்ல மனசு இருந்தா போதாதா? இதுக்கு எதுக்குப் பாடம்?"

"ஒரு வகுப்புல உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்" என்றாள். பக்கத்து வகுப்பில் உடற்கூறு நடத்தும் நானும் போய்க் கடைசி வரிசையில் அவரருகே அமர்ந்தேன்.

அன்றைய பயிற்சியில் அவள் நோயாளியாக நடித்தாள்; இசிமேலி என்ற மாணவன் நர்ஸ். மாத்திரைகளை அவள் கையில் வைத்து அழகாக விளக்கினான்.

"அப்போ காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு. சரிதானே?" என்று கேட்டாள்.

இசிமேலி புருவத்தைத் தூக்கி இறக்கினான். எங்கள் தீவுகளில் அதுதான் ஆமாம், வாய்க்கு வேலையில்லை.

அவள் காத்திருந்தாள். அவன் இன்னும் உயரமாகத் தூக்கினான்.

"இசிமேலி, உசுரோட இருக்கியாப்பா? இல்ல, என் மாத்திரைய நீயே முழுங்கிட்டியா?"

வகுப்பு சிரித்தது. அவள் பின்பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நெமானி சார், அவன் பதில் சொன்னானா?"

நெமானி புருவத்தைத் தூக்கினார்.

மாணவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"சாரும் புருவத்தத் தூக்கினாரா?" என்றாள். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "இசிமேலி நல்ல பையன். சாரும் நல்லவர். ஆனா நான் இப்போ எத்தனை மாத்திரை போடணும்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

இரக்கம் அவரவர் மனதுக்குள் இருப்பது. மருந்தளவு நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டியது. அதைச் சேர்ப்பது தர்மகாரியமல்ல, வேலை.

வகுப்பு முடிந்ததும் வாசலில் கேட்டாள். "சார், அடுத்த வருஷம் பாடம் உண்டா?"

நெமானியின் புருவம் பழக்கத்தில் மேலே போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உண்டு, வாசெமாதா" என்றார், தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார்."