கடைசிப் பக்கத்து வரி

மைமூன் டீச்சர் காலமான செய்தி என் அச்சகத்துக்குத்தான் வந்தது. பைண்டிங் வேலை பார்க்கும் சிக்கந்தர் மேலப்பாளையத்துக்காரர், நேரம் தவறாதவர். அன்று தாமதமாக வந்து, உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

“டீச்சர் மவுத்தாயிட்டாங்க அண்ணாச்சி. பள்ளிவாசல்ல இப்பதான் சொன்னாங்க.”

மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது டீச்சரின் புத்தகம்தான். நிறுத்தவா என்று மெஷின்காரர் கேட்டார். ஓடட்டும் என்றேன். பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் தன் பேரைச் சொல்லி மெஷினை நிறுத்தினால் டீச்சர் என்னைச் சும்மா விடமாட்டார்.

டீச்சரை அறிந்த உங்களில் பலருக்கு நான் அவரோடு சண்டை போட்டவனாகத்தான் தெரிவேன். அது உண்மைதான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அச்சுக் கோத்தும் பிழை திருத்தியுமே மேல் வகுப்புப் பாடங்களைப் படித்துக்கொண்டேன். பிறகு வண்ணார்பேட்டையில் சொந்தமாக அச்சகம் வைத்தேன். பத்தாம் வகுப்புக்கு கைடு போட்டு, பாபநாசம் தொடங்கி ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கைடு போடுகிறவன் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்று ஆசிரியர்கள் மேடையில் பேசுவார்கள். பேசியவர்களின் வீட்டிலும் என் கைடு இருந்தது.

அந்தக் காலத்தில்தான் பெற்றோரின் செல்போன்களுக்கு அறிவியல் பாட விளக்கங்கள் வரத் தொடங்கின. எழுதி அனுப்பியவர் மேலப்பாளையத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்திய மைமூன் டீச்சர். கடைகளிலிருந்து என் கைடு கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. நேரே அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

“ஒருத்தன் பொழப்புல மண்ணள்ளிப் போடுதியளே டீச்சர்” என்றேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காந்து ஏசுங்க அண்ணாச்சி. நின்னுக்கிட்டு ஏசினா மூச்சு வாங்கும்.”

உட்கார்ந்து ஏசினேன். முடியும் வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்களும் இதையே அச்சடிச்சு வித்துக்கலாமே. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்.”

“நான் தர்மம் வாங்க வரல.”

“தர்மம் யாரு கொடுக்கா? நிபந்தனை இருக்கு. உள்ள இருக்க பிள்ளைக பேரெல்லாம் அப்படியே இருக்கணும். கடைசிப் பக்கத்துல ஒரு வரி போடணும்.”

அந்த வரி இது: ‘இதை யாரும் நகலெடுக்கலாம், மாற்றி எழுதலாம், அவர்களும் இதே உரிமையைப் பிறருக்குத் தர வேண்டும்.’

“இதைப் போட்டா எவன் காசு கொடுத்து வாங்குவான்?”

“வாங்காதவன் நகலெடுத்துப் படிச்சிட்டுப் போறான். படிச்சாச் சரி.”

சும்மா கிடைப்பதை எவனும் காசு கொடுத்து வாங்கமாட்டான் என்று அவருக்குக் காட்டத்தான் அந்தப் புத்தகத்தை அச்சடித்தேன். ஆனால் விற்றது. வீட்டிலிருக்கும் ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுகிற வீடுகளில் வாங்கினார்கள். சிக்னல் கிடைக்காத மலை எஸ்டேட்டுத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் போனது. லாபம் வந்தும் எரிச்சலாக இருந்த ஒரே புத்தகம் அதுதான்.

அது விற்பதைப் பார்த்து வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று என்னைத் தேடி வந்தது. பெரிய தொகை பேசினார்கள். பாடங்கள் இனி பதிப்பகத்துக்கே சொந்தம் என்று டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த பதிப்பில் அந்தக் கடைசி வரி இருக்கக் கூடாது. வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் டீச்சரிடம் சொன்னேன். உழைப்புக்குக் கூலி வாங்குவது குற்றமில்லை. இதில் இன்றும் நான் மாறவில்லை.

டீச்சர் புத்தகத்தில் ஒளி விலகல் பாடத்தைப் பிரித்தார். “இந்த உதாரணம் யாரு சொன்னது தெரியுமா? ஆழ்வார்திருநகரிலேர்ந்து வந்து இங்க ஹாஸ்டல்ல படிச்ச பிள்ள. ‘ஆத்துல முழங்கால் தண்ணில நின்னா கால் கட்டையாத் தெரியும்லா டீச்சர், அதானே இது?’ன்னு கேட்டுச்சு. நான் அரை மணி நேரம் படம் போட்டு விளக்குனதை அது ஒரு வரில முடிச்சிருச்சு. அது சொன்னதை நான் எப்படி விப்பேன்?”

“அதான் அந்தப் பிள்ள பேரு போட்டிருக்கியளே, போதாதா?”

“பேரு மட்டும் போதாது அண்ணாச்சி. நாளைக்கு எனக்கே ஆசை வரலாம். நானே நெனச்சாலும் திருப்பி வாங்க முடியாதபடி இருக்கணும். அதுக்குத்தான் அந்த வரி.”

பதிப்பகத்தார் வெறுங்கையோடு போய்விட்டார்கள். தன் ஆசைக்கே பூட்டுப் போட்டுவைத்த ஒருவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கோபமாகத்தான் வீட்டுக்குப் போனேன். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை.

பிறகு பெரிய கணினி நிறுவனம் ஒன்று பள்ளிகளுக்கு இலவசமாக டேப்லெட் கொடுத்தது. பாடங்களை வைக்க இலவசமாக ஒரு செயலியும் கொடுத்தது. பாளையங்கோட்டையில் மேடை போட்டு அவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். இத்தனை வருடம் ஊருக்குள் கைடு போட்ட எனக்கு ஒரு துண்டு கூட யாரும் போர்த்தியதில்லை. டீச்சரும் தன் பாடங்களை அந்தச் செயலியில் ஏற்றினார். புதிதாக எழுதியவற்றை வேறெங்கும் வைக்காமல் அதிலேயே எழுதினார்.

ஒரு பொதுத்தேர்வு சமயத்தில் நிறுவனம் இலவசத் திட்டத்தை முடித்துக்கொண்டது. பிள்ளைகள் திறந்தால் பணம் கட்டச் சொன்னது. எழுதிய டீச்சருக்கே அவருடைய பாடம் திறக்கவில்லை. மற்றவர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தபோது அவர் என் அச்சகத்துக்கு வந்தார்.

“அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர்ல புத்தகப் பக்கமெல்லாம் இருக்கும்லா? எனக்கு ஒரு காப்பி வேணும்.”

எனக்கும் ஒரு நாள் வந்தது. விடவில்லை. “எங்கிட்ட ஏன் கேக்கிய டீச்சர்? கடைசிப் பக்கத்தைப் பாருங்க. யாரும் நகலெடுக்கலாமாம்.”

சிக்கந்தர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு டீச்சர் சிரித்தார். “இப்பமாவது அதைப் படிச்சியளே.”

அச்சில் வந்தவை அப்படித் திரும்பக் கிடைத்தன. பிறகு சேர்த்து எழுதியவை போனது போனதுதான் என்று நினைத்தேன். டீச்சர் அடுத்த நாள் பிள்ளைகளை என் அச்சகத்துக்கு வரச் சொன்னார். பேப்பர் கட்டுகளின் மேல் அவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பாடமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவரே தட்டச்சு செய்தார்.

“அது அப்படி இல்ல டீச்சர். ஈரத்துணி கதையத்தான் மொதல்ல சொன்னிய, வெயில் பொறவுதான் வரும்” என்று ஒரு பெண் திருத்தினாள்.

“சரித்தா, நீயே சொல்லு” என்று அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

மெஷினை நிறுத்திவிட்டு நாங்களும் கேட்டுக்கொண்டு நின்றோம். தான் எழுதியதைத் தன் பிள்ளைகளின் வாயிலிருந்து கேட்டு வாங்கி எழுதும் ஆசிரியரை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. வியந்து நின்றேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. சில பாடங்கள் முன்பு இருந்ததைவிட நன்றாக வந்தன. “அவங்க பூட்டுனது நல்லதாப் போச்சு” என்றார் டீச்சர். அந்த வருடம் பிள்ளைகள் அச்சடித்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேர்வுக்குப் போனார்கள்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், பாடங்களை இலவசமாகக் கொடுத்த வள்ளல் என்று டீச்சரைப் புகழ்ந்தார். எழுந்து மறுத்தேன். இலவசம் கொடுத்தது அந்த நிறுவனம்; நினைத்த நாளில் நிறுத்தியது. டீச்சர் கொடுத்தது உரிமை. இப்போது அவரே இல்லை, அது இருக்கிறது.

என் மற்ற புத்தகங்களில் ‘உரிமை பதிப்பாளருக்கே’ என்றுதான் இன்றும் போடுகிறேன். டீச்சரின் புத்தகத்தில் மட்டும் டீச்சரின் வரி இருக்கும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

போன வாரம் தச்சநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். என் கைடை நகலெடுத்ததற்காக ஒரு காலத்தில் நான் தகராறு செய்த கடை. என்னைக் கண்டதும் கடைக்காரர் மெஷின் மூடியைக் கையால் அழுத்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, இது டீச்சர் புக்கு. ஒம்ம கைடு இல்ல வே.”

“தெரியுது வே” என்று சொல்லி, வெளியே வந்த தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம். கீழ் ஓரம் விழவில்லை.

“புஸ்தகத்தைப் பைய மேல தள்ளி வையும். கடைசி வரி வெட்டுப்படுது” என்றேன்.

தள்ளி வைத்து மறுபடி எடுத்தார். வரி முழுதாக விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினேன்.