ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

1

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜ். அங்கே ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஓனர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"சாவிய நீட்டிட்டு சும்மா ஒக்காந்துக்காத. ஊர்ல பாக்கறதுக்கு என்னென்ன இருக்குதுன்னு சொல்லு. கேட்டுட்டு இன்னொரு நாள் தங்குவாங்க."

அன்று முதல் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை, சாயங்காலம் கே.ஆர்.பி. டேம், அங்கேயே சுடச்சுட மீன் வறுவல், சீசன் என்றால் மாங்காய் மண்டி, கார் இருந்தால் தளி வரை ஒரு சுற்று. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒப்பிப்பேன். கம்பெனி ஆடிட்டுக்கு வருகிறவர்கள், கிரானைட் பார்க்க வருகிறவர்கள், பர்கூர் பக்கம் காலேஜில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், எல்லாருக்கும் இதே பாட்டுதான். மனைவி காலமான பிறகு லாட்ஜின் மொட்டைமாடி அறைக்கே குடிவந்துவிட்டேன். நாள் முழுக்க ஆட்களோடு பேச்சு. கவுண்டரை விட்டு எழுந்தால் பேச ஆளில்லை.

2

போன வருஷம் அட்மிஷன் சமயத்தில் சிவகங்கைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. ஒரே மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு அன்று மாலையே பஸ் ஏற வேண்டியவர், அறையை இன்னொரு நாளைக்கு நீட்டிக்கச் சொன்னார்.

"இங்க பாக்க என்னண்ணே இருக்கு?"

டேமுக்கு வழி சொன்னேன். அடுத்த நாளும் நீட்டித்தார். கோட்டைக்கு வழி சொன்னேன். திரும்பி வந்தவரிடம், "டேம்ல மீன் சாப்டீங்களாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"நான் எங்கயும் போகலண்ணே. ரெண்டு நாளும் காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடையில போயி ஒக்காந்துட்டு வாரேன். 'இங்க இருக்க மாட்டேன், கூட்டிட்டுப் போம்மா'ன்னு அழுதுச்சு புள்ள. நான் ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். என்னையப் பாத்துச்சுன்னா பையத் தூக்கிட்டு வந்துரும். படிப்பு போயிரும். பஸ் ஏறலாம்னா காலு வரமாட்டேங்குது."

ஹாஸ்டல் பிள்ளைகள் பன் வாங்க வருவதே அந்தக் கடைக்குத்தான்.

"நாளைக்கு அங்க போவாதீங்கம்மா. நெசமாவே டேமுக்குப் போங்க. மனசு கொஞ்சம் ஆறும்."

"நீங்க போயிருக்கீகளாண்ணே?"

ஊருக்கு உபதேசம் செய்தேனே தவிர, ஒருநாள்கூடப் போனதில்லை. தனியாகப் போய் யாருக்குக் காட்டுவது?

3

மறுநாள் லீவு கேட்டேன்.

"லீவா? ஒனக்கா? ஒடம்புக்கு என்னாச்சு?" என்று ஓனர் பயந்துவிட்டார்.

அந்த அம்மாவும் நானும் டவுன் பஸ்ஸில் போனோம். நான் சொல்லிவந்ததைவிட டேம் பெரிதாக இருந்தது. ஷட்டர் திறந்து தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. மீன் வாங்கிச் சாப்பிட்டோம். அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. இரைச்சலில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா ஒரே தண்ணிச் சத்தம்?"

"குழாய்ல தண்ணி விட்டுட்டாக. கொடம் வச்சிருக்கேன். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். ஞாயித்துக்கெழம ரூம் புள்ளைகள்லாம் இங்க ஏதோ டேமுக்குப் போறாங்களாம். நானும் போகட்டாம்மா?"

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போயிட்டு வா தாயி. நல்லா இருக்குமாம்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"சொல்லக் கேட்டேன்."

அன்று சாயங்காலமே அறையைக் காலி செய்தார். சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து கவுண்டரில் உட்கார்ந்தேன். அன்றைக்குப்போல் தனிமை என்னை அழுத்தியதில்லை. மறுநாள் காலையில் லாட்ஜ் போன் அடித்தது.

"ஊரு வந்து சேந்துட்டேண்ணே."

ரூம் இருக்கிறதா என்று கேட்காமல் அந்தப் போனில் எனக்கு வந்த ஒரே அழைப்பு அதுதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், டேமையும் கோட்டையையும் ஒப்பிப்பதற்கு முன் அவர் முகத்தைப் பாருங்கள். இப்போதெல்லாம் காலி செய்கிற ஒவ்வொருவரிடமும், "ஊரு சேந்ததும் ஒரு போன் போடுங்க" என்கிறேன். சரி என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதுவரை யாரும் போடவில்லை.