பெட்டியைக் கீழே போட்டவள்

என் மகளின் செல்போனில் ஒரு வீடியோப் படம் இருக்கிறது. அதில் நாங்கள் வரும் இடத்தில் முகங்கள் இல்லை, நாலு கைகள் மட்டும்தான். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கைகள் என் அண்ணன் பெண்டாட்டியுடையவை, என் மதினி. கறுப்பு ரப்பர் வளையல் போட்டவை என்னுடையவை. படமெடுக்க வந்த பிள்ளைகளிடம் முகத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லி நான் முந்தானையை இழுத்துக்கொண்டு நின்றதால், கைகளையும் அதற்கு மேலே இருந்த திரையையும் மட்டும் எடுத்தார்கள். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பேன். எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுவேன்.

அப்போது நானும் மதினியும் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடைக்கும் வேலையில் இருந்தோம். மத்தாப்பு, சாட்டை, சக்கரம், பூச்சட்டி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் இடைவெளி விழாமல் அடுக்க வேண்டும். சாயங்காலம் வேன் வரும்வரை ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நிற்போம். அந்தக் கடைக்காரர் எந்தப் பொருட்காட்சியிலோ கழித்துப்போட்ட வீடியோ கேம் மிஷின் ஒன்றை வாங்கி வாசலில் வைத்திருந்தார். மேலேயிருந்து விதவிதமான கட்டைகள் இறங்கும், திருப்பித் திருப்பி இடுக்கில் பொருத்த வேண்டும். முதல் நாள் பார்த்ததுமே மதினி சிரித்துவிட்டது. "ஏத்தா, இங்கன வந்தும் பாக்ஸ்தான் அடைக்கணுமா? இதுக்குக் காசு வேற நாமதான் போடணுமாம்!"

ஒரு ரூபாயைப் போட்டு ஆடிப் பார்த்தோம். அப்புறம் விட முடியவில்லை. பையன்கள் பட்டனைக் குத்துவார்கள். கட்டையைத் தொப்பென்று கீழே தள்ளும் பட்டன் ஒன்று உண்டு, அதை அமுக்கினால் கூடுதல் பாயின்ட் வரும். நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொட்டதே இல்லை. கம்பெனியில் பெட்டியைக் கீழே போடக் கூடாது, உரசக் கூடாது, இடிக்கக் கூடாது. இருபது வருஷமாக அப்படியே பழகிய கை, கண்ணாடிக்குள் இருக்கும் கட்டையைக்கூடக் கீழே போட மாட்டேன் என்றது. அதுவாக இறங்கட்டும் என்று விடுவோம். "நீங்க ரெண்டு பேரும் ஆடினா என் மிஷினு நூறு வருஷம் இருக்கும். இந்தப் பயலுக பேயடில்ல அடிக்கானுக" என்பார் கடைக்காரர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே பாயின்டை எழுதிச் சுவரில் ஒட்டினார். மேலே 'நாத்தனார்', அதற்குக் கீழே 'மதினி'. எங்கள் பேர் அவருக்குத் தெரியாது.

மேலே இருந்தது எப்போதும் நான்தான், கொஞ்சம் பாயின்ட் வித்தியாசத்தில். ஒருநாள் வேனில் வரும்போது மதினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "ஒங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து எனக்கு எல்லாத்துலயும் ரெண்டாவதுதான். அந்தத் தாள்லயாச்சும் ஒருநாள் மேல ஏறாம விடமாட்டேன் பாத்துக்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னது. கண் சிரிக்கவில்லை.

மிஷின் விளையாட்டில் போட்டி போடுகிறவர்களைப் படமெடுக்கிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். யாரோ எங்களைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மதினி தலை நிறைய கனகாம்பரம் வைத்து வந்தது. "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று அவர்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தது. ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பெண் சொன்னாள், முகம் காட்டாவிட்டாலும் ஜெயிக்கிறவர் மைக்கில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் அழுதே விடுவேன். ஜெயித்தால் பேச வேண்டுமே என்பதுதான் மனசில் ஓடியது.

ஒரே திரையில் ஆளுக்கொரு பாதியாக, பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடினோம். இரண்டு பேரும் நெடுநேரம் தாக்குப்பிடித்தோம். நான் முந்திக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்கு ஒரு நீளக் கட்டை வந்தது. வலது ஓரத்தில் அதற்கென்றே ஒரு இடுக்கு காத்திருந்தது. இறக்கினால் போதும், ஆட்டம் என்னுடையது. அந்தத் தள்ளுகிற பட்டனைக் குத்தினேன். கட்டை நடுவில் தொப்பென்று விழுந்தது. அடுத்ததையும் அப்படியே போட்டேன். உச்சிவரை அடைந்து என் ஆட்டம் முடிந்துபோனது.

கடைக்காரர் கைதட்டினார். அந்தப் பெண் மதினியிடம் மைக்கை நீட்டினாள். மதினி அவளைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தது. "பெட்டியக் கீள போடுறவளாத்தா நீ?" என்றது, மெதுவாகத்தான். பிறகு அந்தப் பெண்ணிடம், "எனக்குப் பேச ஒண்ணுமில்லம்மா, வேன் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டது.

மறுநாள் காலண்டர் தாளில் 'மதினி' மேலே இருந்தது. மதினி அதை நிமிர்ந்து பார்க்கவில்லை, அதற்குப் பிறகு மிஷினைத் தொடவும் இல்லை. என்னோடு சண்டை ஒன்றும் போடவில்லை. எப்போதும்போல் பக்கத்தில் உட்கார்ந்து வரும், குழம்பு கொடுத்து அனுப்பும். ஒரே ஒரு தடவை சொன்னது: "ஒளுங்கா ஆடுறேன்னு சொல்லு, வாரேன். தோத்தாலும் பரவால்ல." சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தைகூட வேண்டாம், ஒரு வார்த்தை போதும். சீசன் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மழைக்காலத்தில் மிஷினுக்குள் தண்ணீர் இறங்கி, கடைக்காரர் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் அண்ணன் மகன் திருப்பூரில் வேலை கிடைத்து எல்லாரையும் கூட்டிப்போனான். மதினியை நான் அடுத்துப் பார்த்தது பாடையில், மாலையும் கழுத்துமாகத்தான். கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வளையல் பச்சையாகவே இருந்தது.

அந்தப் பிள்ளைகள் அனுப்பிய சிடித் தட்டு பல வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. போன வருஷம்தான் மகள் அதைச் செல்போனுக்கு மாற்றிக் கொடுத்தாள். படத்தில் வேறு ஊர்ப் பையன்கள்தான் அதிகம், நாங்கள் வருவது கொஞ்ச நேரம்தான். நான் நிறுத்துகிற இடம் அந்த நீளக் கட்டை வரும் இடம். அது உச்சியில் நிற்கிறது. வலது ஓரத்தில் இடுக்கு திறந்தபடி இருக்கிறது. பச்சை வளையல் கை பக்கத்தில் காத்திருக்கிறது. என் கை இன்னும் அந்தப் பட்டனுக்குப் போகவில்லை. செல்போன் கண்ணாடிமேல் விரலை வைத்து ஓரமாக நகர்த்தி, மெள்ள, மெள்ளக் கீழே கொண்டுவருகிறேன்.

"பாருங்க மதினி," என்கிறேன். "போடல. இறக்குறேன்."