சிங்கப்பூரில் அப்பா பேசிய கன்னடம்

எங்கள் வீட்டில் கதவுக்கு உள்ளே தமிழ், வெளியே கன்னடம். அப்பா மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெங்களூரிலேயே பிறந்தவர். எதிரில் இருப்பவர் தமிழர் என்று தெரிந்தாலும், வெளியாள் என்றால் கன்னடத்தில்தான் பேச்சைத் தொடங்குவார். அம்மாவிடமும் என்னிடமும் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

அவருடைய மறதி இனிக் கூடத்தான் செய்யும், எங்காவது கூட்டிப்போவதென்றால் இப்போதே போங்கள் என்று மருத்துவர் சொன்னார். சிங்கப்பூருக்குச் சீட்டு எடுத்தேன். வைட்ஃபீல்டில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை எனக்கு. எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசித்துப் பழக்கம். மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வைத்தேன். அவர் சட்டைப்பையில் என் கைப்பேசி எண். தொலைந்துபோனால், விழுந்தால், கோபப்பட்டால் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன்.

முதல் நாள் நன்றாகவே போனது. ரயிலில் தமிழ் அறிவிப்பைக் கேட்டு அப்பா சிரித்தார்.

“பாரும்மா, இங்க ரயிலுகூட தமிழ் பேசுது. நம்ம ஊரு மெட்ரோல பேசிச்சுன்னா கலாட்டா ஆயிடும்!”

மறுநாள் காலை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கழிப்பறைக்குப் போயிருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்பாவிடம் கொடுத்தேன்.

“தேங்க்ஸ்ம்மா,” என்றவர், “நீவு யார் ஜொதெ பந்தித்தீரா?” என்று கேட்டார். நீங்கள் யாருடன் வந்திருக்கிறீர்கள்?

கிண்டல் என்றுதான் நினைத்தேன். அம்மா வந்ததும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “வாசப்படி தாண்டினாலே உங்கப்பாக்கு கன்னடந்தான். இப்ப கடலையே தாண்டி வந்திருக்காரு, கேக்கணுமா?”

நானும் சிரித்தேன். அப்பா அம்மாவைப் பார்த்து, “கால் வலிக்குதா உனக்கு? உக்காரு,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீவூ கூத்கொள்ளி,” என்றார். நீங்களும் உட்காருங்கள்.

பெற்ற மகளை எந்த அப்பாவும் கன்னடத்தில் ‘நீவு’ என்று சொல்ல மாட்டார். அது வெளியாளுக்குத் தரும் மரியாதை. அம்மாவின் சிரிப்பு அங்கேயே நின்றது.

“என்னங்க, இது யாரு? நம்ம பொண்ணுங்க.”

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா பக்கம் குனிந்து, எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையில், தமிழில் சொன்னார்: “கன்னடக்காரங்க போல. ரொம்ப நல்ல பொண்ணு. காலையிலேருந்து நம்மகூடவே இருக்கு. அவங்க வீட்ல தேட மாட்டாங்களா?”

“அப்பா, நான்தாம்ப்பா,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “ஓ! நிமகெ தமிழ் பருத்தா?” உங்களுக்குத் தமிழ் தெரியுமா? நான் அதை நன்றாகப் பேசுவதாகவும் கன்னடத்திலேயே பாராட்டினார்.

இதற்கு என்னிடம் வழி எதுவும் இருக்கவில்லை. காரணங்களை மட்டும் அடுக்கிக்கொண்டேன்: பயணக் களைப்பு, தூக்கம் கெட்டது, பழக்கமில்லாத ஊர். மூன்றாவதைத்தான் உறுதியாக நம்பினேன். ஊர் திரும்பினால் சரியாகிவிடும். மிச்ச நாட்களில் எடுத்த படங்களில் அப்பா எனக்குச் சற்றுத் தள்ளியே நிற்கிறார், கைகளைக் கட்டிக்கொண்டு, நாகரிகமாக.

திரும்பி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் காபி கேட்டார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தித்தாள் எங்கே என்றார். எல்லாம் தமிழில். நான் பெட்டிகளை உள்ளே இழுத்து வந்தேன். அப்பா எழுந்து நின்றார்.

“நிமகெ தும்பா தொந்தரெ ஆய்து. காபி குடிதுகொண்டு ஹோகிம்மா.” உங்களுக்கு ரொம்பச் சிரமம், காபி குடித்துவிட்டுப் போங்கள்.

நான் போகவில்லை. வேலையை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கிக்கொண்டேன். நான் தமிழில் பேசினால் அப்பா கூசிப்போகிறார், அம்மாவிடம் தனியாகச் சொல்ல அவருக்கு மொழி இல்லாமல் போகிறது. அதனால் அவரிடம் நான் கன்னடத்திலேயே பேசுகிறேன். அவர்கள் தமிழில் பேசும்போது புரியாதவள்போல் இருக்கப் பழகிவிட்டேன்.

நேற்று அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அம்மாவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “பாவம், இந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மான்னு யாருமே இல்லையா?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் அடுத்த கவளத்தை உருட்டினேன்.