மிஷினுக்குச் சளி பிடிக்காது

என் வேலை என்னவென்று எங்கள் மாதா கோயில் பங்கில் ஒருவருக்கும் இன்றுவரை புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது கேட்டால், "கம்பெனிகளைப் பத்திச் செய்தி வர வைக்கிறேன்" என்பேன். அப்படியானால் நிருபரா என்பார்கள். இல்லை. விளம்பரமா? அதுவும் இல்லை. "பெறகு எதுக்கும்மா ஒனக்குச் சம்பளம் குடுக்காக?" என்று ஒரு பெரியம்மா நேராகவே கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

மக்கள் தொடர்பு ஆலோசகர் என்று அட்டை அடித்து வைத்திருக்கிறேன். பல வருடம் சென்னையில் ஓடிவிட்டு, மடிக்கணினியும் போனும் இருந்தால் போதும் என்று ஆனபிறகு திண்டுக்கல்லுக்கே திரும்பினேன். காலையில் மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற நேரத்தில் நான் இணையத்தில் தொழில் செய்திகளைப் பார்ப்பேன். எந்தப் புதுக் கம்பெனிக்கு முதலீடு வந்தது, எந்தச் செயலியை யார் வாங்கினார்கள், இந்த வாரம் எந்தச் சொல்லுக்கு மவுசு. மூன்றாவதுதான் முக்கியம். ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஸ்மார்ட்' என்று போட்டோம். இப்போது ஏஐ.

போன வருடம் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் என்னைத் தேடி வந்தார்கள். அவர் பெங்களூரில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். விவசாயிகளுக்குக் காய்கறி விலை சொல்லும் சேவை ஒன்றை நடத்தினார்கள். உங்கள் ஊர், நீங்கள் போட்டிருக்கும் காய், இந்த இரண்டையும் ஒரு நம்பருக்கு அனுப்பினால் போதும். தினமும் விடியும்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட் நிலவரம் உங்கள் போனுக்குக் குரலாகவே வந்துவிடும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை.

எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் விடிகாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்படி ஓரத்தில் ஒரு ஸ்டூல். மண்டியிலிருந்து போனில் வந்த விலைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். "அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். கத்தரிக்கா நேத்தைக்கு இன்னைக்குச் செத்த எறங்கியிருக்கு. அவசரப்பட்டுப் பறிச்சிராதீக, ரெண்டு நாள் பொறுங்க." முடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு அதே விலையைப் பழனி பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு முறை பேசினாள். "ஏனுங்கண்ணா, முருங்கைக்கா இன்னைக்கு நல்லா இருக்குதுங்க." கேட்டால் பழனிக்குப் பக்கத்துக் கீரனூரில் பிறந்தவள் என்றே சொல்லலாம்.

"எனக்குக் கம்ப்யூட்டர் வேலை மட்டுந்தான் மேடம். மத்தது அம்புட்டும் அவதான்" என்றார் கணவர்.

கிளம்பும்போது அவள் என்னோடு வாசல்வரை வந்தாள். "அக்கா, செய்தியில எம்பேரு வருமா?" என்றாள். வராமல் என்ன என்றேன். அவள் முகம் சிவந்துபோனது. "அம்மா பாப்பாங்க, அதான்."

அவளுடைய அம்மாவை எனக்குத் தெரியும். எங்கள் பங்குதான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் டீச்சர். மகளுக்கும் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைக்க அவர் ஏறாத படியில்லை. அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு மகள் கத்தரிக்காய் விலை சொல்லக் கிளம்பியதிலிருந்து பேச்சு நின்றுபோனது. அப்போதே இரண்டு வருடமாகியிருந்தது. டீச்சர் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் போன் செய்தால் எடுக்கவில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் தன் பேர் வந்தால் அம்மா மனசு இளகும் என்று அந்தப் பெண் நம்பினாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான், நானும் வாக்குக் கொடுத்தேன்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு செய்திக்கு ஒரு முகம் என்று வைத்திருக்கிறோம். பெங்களூர் வேலையை உதறிய இளைஞர் என்பது நல்ல முகம். அதனால் முகம் அவர் ஆனார். அடுப்படி ஸ்டூலை எழுதினால் யார் படிப்பார்கள் என்று நினைத்து, 'குரல்வழித் தொழில்நுட்பம்' என்று எழுதினேன். ரெட்டியார்சத்திரத்துக்கு ஒரு மாதிரியும் பழனிக்கு ஒரு மாதிரியும் அவள் பேசினாளே, அதை 'வட்டார வழக்குக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சேவை' என்று எழுதியபோது என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். அவள் பேர் கடைசிப் பத்தியில் இருந்தது. நீளம் அதிகம் என்று அந்தப் பத்தி போயிற்று.

நான் எழுதி அனுப்பிய இணைய இதழின் நிருபர் போனில் கேட்டார். "மேடம், குரல் ஏஐ தானே?"

"குரல்வழித் தொழில்நுட்பம்னே போட்டுக்கோங்க" என்றேன். பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு, அங்கேதான் இத்தனை வருடம் குடியிருந்தேன்.

'உழவர்களுக்கு விலை சொல்லும் ஏஐ குரல்: திண்டுக்கல் இளைஞர் சாதனை' என்று தலைப்பு வந்தது. பரபரவென்று பரவியது. சென்னையிலிருந்து பழைய கூட்டாளிகள் கைதட்டல் படங்களாக அனுப்பினார்கள். ஒரு முதலீட்டாளர் விவரம் கேட்டு எழுதினார். அந்தப் பெண்ணிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"பரவால்லக்கா" என்றாள். "கீரனூர் அண்ணா ஒருத்தர் போன் பண்ணாருக்கா. ஏனுங்க, நீங்க ஆளுங்களா மிசினுங்களான்னு கேட்டாரு. நான் சிரிச்சிட்டேன்." பிறகு கேட்டாள்: "அம்மா இத பாத்திருப்பாங்கள்லக்கா? வேலைய விட்டுட்டு ஒரு மிஷினுக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்னுதான நெனைப்பாங்க?"

உடனே திருத்தம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் செய்தியை நாமே போய் இழுத்து நிறுத்துவதா? நிருபர் இனி என் போனை எடுப்பாரா? நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு நாளைக் கடத்தினேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

மூன்றாம் நாள் பத்து மணி வெயிலில் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு, உட்காராமலே கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்தச் செய்தியைத்தான் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்து வந்திருந்தார். தாள் முழுக்கச் சிவப்பு மை. 'ஏஐ குரல்' என்ற இடத்தில் எல்லாம் பெருக்கல் குறி. 'இளைஞர் சாதனை'க்குக் கீழே ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. மதிப்பெண் மட்டும்தான் போடவில்லை.

"இது நீ எழுதிக் குடுத்ததா?"

"ஆமா டீச்சர்."

"தப்பு. இது மிஷின் இல்ல. எம் மக."

உட்காரச் சொன்னேன். காதில் விழாதது போல நின்றார். "போன வெள்ளிக்கெழமை அவளுக்குச் சளி. முருங்கைக்கா வெல சொல்லும்போது ரெண்டு தடவ இருமுனா. சனிக்கெழமை தொண்ட கட்டியிருந்துச்சு, அப்பவும் ஒரு காய் விடாமச் சொன்னா. மிஷினுக்குச் சளி பிடிக்குமா? சொல்லு, பிடிக்குமா?"

பிடிக்காது என்றேன். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்தக் குரல் பதிந்துகொண்ட விவசாயிகளுக்கு மட்டும்தான் போகும்.

"டீச்சர், ஒங்களுக்கு எப்படி அது…"

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். நான் கொடுத்த தண்ணீரை மெதுவாகக் குடித்தார். பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார். முதல் நாள் அவர் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. ஊர்: ரெட்டியார்சத்திரம். காய்: வெண்டை. அதற்குக் கீழே தினமும் ஒன்றாக மகளின் குரல், இரண்டு வருடத்துக்கு. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை.

டீச்சருக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது, அவ்வளவுதான்.

"ஏன் டீச்சர் வெண்டை?" என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளையில தொட்டுக்க வெஞ்சனம் வெண்டைக்காயா இருந்தாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும்" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்டச் சொல்லிராத. இத மட்டும் திருத்தச் சொல்லு."

அவர் முன்னாலேயே முதலில் கணவரைக் கூப்பிட்டேன். திருத்தினால் முதலீட்டாளர் கைவிட்டுப் போகக்கூடும் என்று சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல மேடம், அம்புட்டும் அவதான்னு. எழுதிருங்க" என்றார். அடுத்து நிருபர். "ஏஐ இல்லைன்னா இதுல செய்தியே இல்லையே மேடம்" என்று அலுத்துக்கொண்டார். இருக்கிறது, எழுதுங்கள் என்று அந்தப் பெண்ணின் பேரை இரண்டு தடவை சொன்னேன். மதியத்துக்குள் தலைப்பு மாறியது. கீழே சின்ன எழுத்தில் ஒரு திருத்தக் குறிப்பும் வந்தது. அதற்குக் கைதட்டல் படம் ஒன்றுகூட வரவில்லை. முதலீட்டாளரும் அதற்குப் பிறகு எழுதவில்லை.

டீச்சர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். செய்தியை வெளியே கொண்டுபோவதுதான் என் பிழைப்பு. ஒரு தடவையாவது அதை உருப்படியாகச் செய்ய வேண்டாமா? வெண்டை வரைக்கும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் விசும்பல் மட்டும் கேட்டது. நானும் அழுதேன்.

வேலைக்காக என் நம்பரையும் அந்தச் சேவையில் சேர்த்து வைத்திருந்தேன். மறுநாள் விடியும்போது குரல் வந்தது. கத்தரி, தக்காளி, முருங்கை, எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் ஒரு கணம் நிறுத்தி, "வெண்டை போட்டிருக்கிற அம்மாவுக்குச் சொல்றேன். வெண்டைக்கா வெல நல்லா இருக்கு. எனக்குச் சளி தேவலம்மா. நீங்க எப்ப வாரீக?" என்றாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயிகள் அத்தனை பேருக்கும் அது போயிருக்கும். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் கூப்பிட்டார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் டீச்சர்." திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"சரி. ரெட்டியார்சத்திரத்துக்குப் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து திண்டுக்கல்லில் இருப்பவருக்கு அது தெரியாதா என்ன? பஸ் வேண்டாம், நான் வண்டி எடுத்து வருகிறேன் என்றேன். போனபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் குடை, இன்னொரு கையில் ஒரு கூடை, அது நிறைய வெண்டைக்காய்.