பூட்டி வைத்த பழைய பதிப்பு

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் ரவி அண்ணனும் நானும் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தோம். நான் மூன்று மாதம் உழைத்து உருவாக்கிய லேபிள் அச்சிடும் ஏற்பாட்டை, மீட்டிங்கில் அவர் தன் வேலை என்று சொல்லிக்கொண்டார். அன்றே அவரைப் பழிவாங்க முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் அச்சு மென்பொருளை அவர் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதிய பதிப்பு ஓட, அது சார்ந்திருக்கும் இன்னொரு மென்பொருளும் புதிதாக இருக்க வேண்டும். அதை நான் முந்தின நாளே பழைய பதிப்பில் மாறாதபடி பூட்டிவிட்டேன்.

அவர் பழைய அச்சு மென்பொருளை நீக்கினார். புதியது ஏறவில்லை. பெட்டிகளில் ஒட்ட லேபிள் இல்லாமல் சரக்கு லாரிகள் நின்றன. எல்லார் முன்னாலும் பாஸ் அவரைத் திட்டித் தீர்த்தார். ஒவ்வொரு வார்த்தையையும் ரசித்துக் கேட்டேன்.

மதியத்துக்குள் அவரே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். மாலையில் வழக்கம்போல் என்னைக் காஜா பெராங்கில் என் வீட்டருகே இறக்கிவிட வந்தவர், காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"பூட்டுனது நீதான்னு சர்வர் பதிவுல இருக்கு. காலையிலயே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் பாஸ்கிட்ட சொல்லல, அண்ணே?"

"உன் வேலைய என் வேலைன்னு சொன்னவன் நான். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?"

நான் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இன்றுவரை அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.