அடிக்கு ஒரு நிமிடம் முன்பு கழற்றிய லைஃப் ஜாக்கெட்

இன்று காலை பேராதனையில், மகாவலிக் கரையில் இருந்தவர்கள்: நான், என் ஆறு வயது மகள், புசல்லாவையிலிருந்து வந்த அண்ணன், படகுக்காரர், ஒரு வெளிநாட்டுத் தம்பதி, அவர்களின் பிள்ளை, வேடிக்கை பார்த்த பதினொரு பேர்.

நாங்கள் கனோவில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். படகுக்காரர் வந்து மகளின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி, அந்த வெளிநாட்டுப் பிள்ளைக்குப் போட்டார்.

“சின்னப் புள்ளதானே, மடியில வச்சுக்கங்க.”

“அந்தப் புள்ள மட்டும் கெழவியா?” என்றார் அண்ணன்.

“பயமா இருந்தா வீட்டுக்குப் போயி குளிக்கிற பேசினுக்குள்ள உக்காந்து துடுப்புப் போடுங்க.”

அண்ணன் துடுப்பைத் தூக்கினார். முதல் அடியில் படகுக்காரரின் நெற்றி பிளந்தது. இரண்டாவது அடியில் துடுப்பே முறிந்தது. மகளின் கவுனெல்லாம் இரத்தம்.

இப்போது படகுக்காரருக்குப் பதினான்கு தையல். அண்ணன் பொலிஸ் காவலில்.

“அவன்தான் மொதல்ல அடிச்சான்னு சொல்லிருங்க” என்று அண்ணி அழுகிறார். முருகனுக்கு விளக்கேற்றும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அடித்தது அண்ணன்தான். ஆனால் ஜாக்கெட்டைக் கழற்றியதையும் சொல்வேன். நான் மட்டும் சொன்னால் நம்புவார்களா?

அடித்ததைப் பதினொரு பேரும் ஃபோனில் எடுத்தீர்கள். பிள்ளையின் ஜாக்கெட்டைக் கழற்றியதை ஒருவராவது எடுத்தீர்களா? இன்றைக்குள் பதில் போடுங்கள்.